ஃபேமிலி கோர்ட் ஜட்ஜ் தேர்தல்: இரண்டு பேரில் யார் என்று நான் எப்படி முடிவு செய்கிறேன்

கேள்வி: “குடியுரிமை வாங்கி டெக்சாஸில் முதல் தடவை ஓட்டுப் போடப் போகிறேன். குடும்ப நீதிமன்ற நீதிபதி பதவிக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். இருவரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு தேர்தல்களில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. கவர்னர், செனட்டர் வரைக்கும் போட்டுவிட்டு, கீழே ஜட்ஜ் பெயர்கள் வரிசை கட்டி வந்ததும் காலியாக விட்டுவிட்டு வந்தேன். நம்மூரில் ஜட்ஜ் ஒருவர் ஓட்டுக் கேட்டுத் தெருவில் வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். அங்கே குடும்ப நீதிமன்ற ஜட்ஜை 1984-ஆம் வருடச் சட்டப்படி, உயர் நீதிமன்றத்தின் சம்மதத்தோடு மாநில அரசு நியமிக்கிறது. நமக்கு அதில் வேலை இல்லை. இங்கேயோ புல்தரையில் பெயர்ப்பலகை நட்டு, நம் ஆட்கள் நடத்தும் தீபாவளி விழாவில் வாசலில் நின்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள்.

அமெரிக்கா முழுக்க இப்படித்தான் என்றும் இல்லை. நியூயார்க் நகரத்துக்குள் மேயர் நியமிக்கிறார். அதே மாநிலத்தில் நகரத்துக்கு வெளியே கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மக்கள் 10 வருடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சவுத் கரோலினாவில் சட்டமன்றமே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறது. டெக்சாஸில் 4 வருடப் பதவி, அதுவும் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயரோடு.

அந்தக் கட்சிப் பெயர்தான் முதல் சிக்கல். 2018-இல் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் கவுண்டி முழுக்க ஓட்டுப் போடும் நீதிபதிப் போட்டிகள் அத்தனையையும் ஜனநாயகக் கட்சி அள்ளியது. குடும்ப நீதிமன்ற நாற்காலிகளும் அதில் அடக்கம். அப்போது ஒரே பொத்தானை அழுத்தி ஒரு கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப் போட்டுவிட முடியும். 2020-இல் இருந்து அந்த வசதி இல்லை, ஒவ்வொரு பெயராகத் தொட வேண்டும். ஆனாலும் பெரும்பாலானவர்கள் கட்சியைப் பார்த்துத்தான் தொடுகிறார்கள். அலை எந்தப் பக்கம் அடித்தாலும் நல்ல ஜட்ஜும் சுமாரான ஜட்ஜும் ஒன்றாகவே போவார்கள், ஒன்றாகவே வருவார்கள். அதனால் என் கணக்கில் உண்மையான தேர்தல், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மார்ச்சில் நடக்கும் முன்தேர்தல்தான். அங்கே எல்லோரும் ஒரே கட்சி. ஆளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நான் ஆளைப் பார்க்க ஆரம்பித்தது ஒரு தோழியால். ஹூஸ்டன் புறநகர், கவுண்டி பெயர் வேண்டாம். டைவர்ஸ் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆறு வயது மகளை டிசம்பர் லீவில் கும்பகோணத்துக்கு அழைத்துப்போக வேண்டும், பாட்டிக்கு உடம்பு சரியில்லை. கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையோடு போனால் திரும்பி வரமாட்டாள் என்றார். குழந்தையை வேறு நாட்டுக்குக் கடத்திப் போனால் திருப்பி அனுப்பவைக்கும் 1980-ஆம் வருட ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. டெக்சாஸ் குடும்பச் சட்டத்தில் இதைக் கணக்கில் எடுக்கச் சொல்லியே விதி இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் கையில் பிடித்துக்கொண்டார்.

துணைக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். மொத்தமே இருபது நிமிடம். ஜட்ஜ் மேடையில் இருந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூன்று கேள்வி கேட்டார். திரும்பி வர டிக்கெட் எடுத்தாயிற்றா? குழந்தையின் பாஸ்போர்ட் இப்போது யார் கையில் இருக்கிறது? அங்கே போனால் குழந்தை எந்த வீட்டில், யாரோடு தூங்கும்? மூன்றாவது கேள்விக்குத் தோழி “எங்கள் அம்மா வீட்டில்” என்று சொன்னதும், பாட்டியின் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு அனுமதி கொடுத்தார்: இத்தனை தேதிக்குள் திரும்ப வேண்டும், ஒரு தொகையைப் பிணையாகக் கட்ட வேண்டும், தினமும் அப்பாவோடு வீடியோவில் பேசவைக்க வேண்டும். கணவரைப் பார்த்து, “உங்கள் பயம் வீண் என்று நான் சொல்லவில்லை” என்றார். அவர் முகம் கொஞ்சம் இளகியதை நான் பார்த்தேன்.

அதே சட்டத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் “ஒப்பந்தத்தில் இல்லாத நாடா, முடியாது, அடுத்த வழக்கு” என்றும் சொல்லியிருக்கலாம். அதுவும் சட்டப்படி செல்லும். குழந்தையின் நலனே முதன்மை என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு, எது நலன் என்பதை அந்த நாற்காலியில் இருப்பவர் கையில் விட்டிருக்கிறார்கள். ஜீவனாம்சத்துக்காவது கணக்கு உண்டு: கையில் வரும் வருமானத்தில் ஒரு குழந்தைக்கு 20 சதவீதம், இரண்டுக்கு 25. வார இறுதியில் குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்பதற்கும், மாதத்தின் 1, 3, 5-ஆம் வாரங்கள் என்று அச்சடித்த அட்டவணை இருக்கிறது. யாரோடு வளர வேண்டும், எந்தக் கவுண்டியைத் தாண்டி வீடு மாறக் கூடாது, இந்தியாவுக்குப் போகலாமா என்பதற்கெல்லாம் எந்த அட்டவணையும் இல்லை. டெக்சாஸில் குழந்தை யாரோடு வசிப்பது என்பதற்கு ஜூரி கேட்கும் உரிமைகூட உண்டு. ஆனால் ஜூரி வைத்து நடத்த எத்தனை பேரிடம் காசு இருக்கிறது?

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று மேடையில் இருந்தது தேர்தலில் ஜெயித்த ஜட்ஜ் இல்லை. அவர் நியமித்த அசோசியேட் ஜட்ஜ். டைவர்ஸ் முடியும்வரை குழந்தை யாரிடம், வீடு யாருக்கு என்ற இடைக்கால உத்தரவுகளைப் பெரும்பாலும் அவர்கள்தான் கேட்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் மூன்று வேலை நாட்களுக்குள் மனு போட்டுப் பெரிய ஜட்ஜிடம் மறுபடி முதலிலிருந்து போகலாம். ஆனால் இடைக்காலம் என்று போட்ட உத்தரவே கடைசிவரை நின்றுவிடுவதுண்டு. குழந்தை ஒரு பள்ளிக்கூடத்தில் வேர்விட்டுவிட்டால் யார் பிடுங்குவார்கள்? ஆக, பாதி வேலையைச் செய்பவர் பெயர் ஓட்டுச்சீட்டிலேயே கிடையாது. அதனால் வேட்பாளர் யாராவது எதிரே வந்தால் நான் முதலில் கேட்பது: “உங்கள் அசோசியேட் ஜட்ஜை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?” இதற்குத் தடுமாறுபவர்கள் அந்த வேலையைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, உங்கள் இரண்டு பேருக்கு வருவோம். நான் ஒருமுறை ஒப்பிட்ட இரண்டு பேரை வைத்தே சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒருவர் ஏற்கெனவே பதவியில் இருந்தவர், மற்றவர் அவரை எதிர்த்து நின்ற வக்கீல்.

பதவியில் இருப்பவரை அளப்பது சுலபம். கோர்ட் எல்லோருக்கும் திறந்திருக்கும், போய் உட்கார்ந்தால் போதும். 2020-க்குப் பிறகு சில கோர்ட்டுகள் யூடியூபிலும் நேரலை விட்டதால் வீட்டிலிருந்தே பார்த்தவர்கள் உண்டு. ஆனால் நேரில் போவதே உத்தமம். நான் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போனேன். பட்டியலில் 9 மணி என்று இருந்தது. ஜட்ஜ் மேடையேறியபோது 9:50. அதுவரை எல்லா வக்கீல்களின் மீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கு இவ்வளவு டாலர் என்று கட்டுவது அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மா அப்பாக்கள்தான். வந்த பிறகு ஆறு வழக்கில் நான்குக்கு வாய்தா. ஒன்றில் அப்பா வக்கீல் இல்லாமல் தானே வாதாட வந்திருந்தார், கையில் கசங்கிய பிளாஸ்டிக் ஃபைல். அவர் பேச ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்திலேயே வெட்டப்பட்டார். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: கடைசி வழக்கில் கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் பாதுகாப்பு உத்தரவு கேட்டு வந்திருந்தாள். அங்கே அதே ஜட்ஜ் அவசரப்படவில்லை. அந்தப் பெண்ணைத் தண்ணீர் குடிக்கவைத்து, முழுதும் கேட்டு, உத்தரவைக் கையில் கொடுத்தே அனுப்பினார். ஒரு காலை நேரத்தில் ஒரு மனிதரின் இரண்டு முகமும் தெரிந்துவிட்டது.

எதிர்த்து நிற்பவரை அளப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அவர் இன்னும் மேடையில் உட்காரவில்லை. முதலில் அவர் குடும்ப வழக்கு நடத்துபவர்தானா என்று பார்க்கிறேன். இது வேடிக்கையான கேள்வி இல்லை. குடும்ப நீதிமன்றத்துக்கு நிற்க அந்தத் துறையில் அனுபவம் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. முன்பு மொத்தம் 4 வருடம் வக்கீலாகவோ ஜட்ஜாகவோ இருந்தால் போதும். 2021 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தைத் திருத்தியதால், 2025 முதல் பதவிக்கு வருகிறவர்களுக்கு அது 8 வருடம். அந்த 8 வருடமும் விபத்து இழப்பீட்டு வழக்குகளிலேயே கழிந்திருக்கலாம். குடும்பச் சட்டத்தில் சிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. தேர்வு எழுதி, வழக்கு அனுபவம் காட்டி, சக வக்கீல்களின் மதிப்பீட்டையும் தாண்டினால்தான் கிடைக்கும். அது இருந்தால் எனக்கு ஒரு கவலை குறைகிறது. இல்லாவிட்டால், கவுண்டியின் கோர்ட் பதிவேட்டு இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டு எந்த மாதிரி வழக்குகள் நடத்தியிருக்கிறார் என்று பார்க்கலாம். ஒரு மணி நேர வேலைதான்.

அடுத்தது வாக்குறுதி. மற்ற தேர்தல்களுக்கு நேர் எதிராக, இங்கே அதிகம் வாக்குறுதி கொடுப்பவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட வகை வழக்குகளையோ குறிப்பிட்ட வகை வழக்காடிகளையோ பற்றி, தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று தோன்றும்படி வாக்குக் கொடுக்கக் கூடாது என்று டெக்சாஸ் நீதித்துறை நடத்தை விதியே சொல்கிறது. நான் சொன்ன வக்கீலிடம் ஒரு விழாவில் நம் ஆள் ஒருவர், “அம்மாக்களுக்கே எல்லாம் போகிறது, அப்பாக்களுக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். “அதை நான் சொல்லக் கூடாது சார். சொன்னால் என் கோர்ட்டுக்கு வரும் முதல் அம்மா என்னை நம்பமாட்டாள்” என்றார். கேட்டவருக்கு முகம் சுருங்கிவிட்டது. என் ஓட்டு அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

நன்கொடைப் பட்டியலை மாநில நெறிமுறை ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம். நானும் ஒருமுறை ராத்திரி ஒரு மணிவரை துருவினேன். பெரிதாக ஒன்றும் தேறவில்லை. இருவருக்குமே பணம் கொடுத்தது வக்கீல்கள்தான். வேறு யார் கொடுப்பார்கள்? 10 லட்சம் பேருக்கு மேல் உள்ள தொகுதியில் ஒருவர் ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை கொடுக்கலாம் என்று வரம்பு இருக்கிறது. பார்க்க வேண்டியது வேறு. குழந்தைக்காகத் தனி வக்கீலை நியமிக்கும் அதிகாரம் ஜட்ஜிடம் இருக்கிறது, அந்த ஃபீஸைக் கட்டுவது பெற்றோர். நன்கொடை கொடுத்த பெயர்களே அந்த நியமனங்களிலும் திரும்பத் திரும்ப வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

வழக்கறிஞர் சங்கம் நடத்தும் மதிப்பீட்டு ஓட்டெடுப்பு ஹூஸ்டனில் உண்டு. எல்லா வக்கீல்களும் பதில் சொல்வதில்லை, அவரவர் ஆட்களைத் திரட்டுவதும் நடக்கும். பதவியில் இருப்பவருக்கு மிக மோசமான மதிப்பெண் வந்தால் மட்டும் கவனிக்கிறேன். பெண் வாக்காளர் சங்கத்தின் கையேட்டில் வேட்பாளர்கள் எழுதும் பதில்கள் பெரும்பாலும் சர்க்கரைப் பாகு. பதிலே எழுதாமல் விட்டவரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் வரும் “நம்ம பேரா இருந்தா போட்டுடுங்கப்பா” ரகச் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-இல் காசர்கோட்டில் பீடி சுற்றி வளர்ந்த சுரேந்திரன் பட்டேல் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் ஜட்ஜாக ஜெயித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். அது குடும்ப வழக்குகளுக்கென்று உள்ள கோர்ட் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் பெயரை மட்டும் பார்த்துப் போடுவதற்கும் கட்சியை மட்டும் பார்த்துப் போடுவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பாட்டியின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்ட அந்த அம்மாவுக்குக் கும்பகோணம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

நடைமுறைக்கு ஒன்று: பூத்துக்குள் ஃபோன் எடுக்கவிட மாட்டார்கள். தாளில் எழுதிக்கொண்டு போகலாம், அதற்குத் தடையில்லை. பட்டியல் நீளம், வரிசையும் நீளம். நான் மளிகைச் சீட்டு மாதிரி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

நான் ஓட்டுப் போட்ட அந்த வக்கீல் தோற்றுப்போனார். அடுத்த வருடம் வேறு ஒரு வேலையாக அதே கட்டடத்துக்குப் போனபோது, பழைய ஜட்ஜின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மணி 9:10. மேடையில் இருந்தார். வக்கீல் இல்லாமல் வந்த ஒரு பெண்மணியிடம், “அவசரமில்லை, தாளைப் பார்த்தே சொல்லுங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். போட்டி கொஞ்சம் உறைத்திருக்கலாம், அல்லது நான் முதலில் போன வெள்ளிக்கிழமை அவருக்கு வீட்டில் ஏதாவது இருந்திருக்கலாம். அதனால் இப்போதெல்லாம் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சீட்டில் பெயர் எழுதுகிறேன்.