வடிச்ச ஆயில எங்கன கொண்டுபோய்க் குடுக்க? ஒரு மெக்கானிக்கோட பதில்கள்

புது ஆயில் எந்த கிரேடு ஊத்தன்னு கேக்கிறவங்கதான் எப்பவும் ஜாஸ்தி. இந்தத் தடவ வடிச்ச பழச என்ன செய்யன்னு அஞ்சு பேரு கேட்டிருக்கீங்க, எனக்கு ரொம்ப சந்தோசம்.

பைக்குக்கு வீட்லயே ஆயில் மாத்துதேன். இதுவரைக்கும் வாறுகால்லதான் (சாக்கடையில) ஊத்துனேன். வேற எங்கன கொண்டுபோக? (பேட்டை)

தம்பி, வாறுகால் தண்ணி சரிஞ்சு சரிஞ்சு கால்வாய்க்கும் ஆத்துக்கும்தான் போவுது, அந்தத் தாமிரபரணித் தண்ணியத்தான் நாமளும் குடிக்கோம், தூத்துக்குடி வரைக்கும் குடிக்காங்க. ஆயில் தண்ணியில கரையாது, மேல படலமா படர்ந்து காத்த உள்ள விடாது, ஒரு தடவ வடிக்கிறதே லட்சக்கணக்கான லிட்டர் தண்ணியக் கெடுத்துரும்.

அஞ்சு நிமிசம் இன்ஜின ஓடவிட்டு ஆஃப் பண்ணி, கை பொறுக்கிற சூட்டுல இன்ஜினுக்கு அடியில ஆயில் வடிக்கன்னு இருக்க ட்ரெயின் நட்ட கழட்டுங்க, அப்பதான் அடியில கெடக்க கசடும் சேந்து வரும். முதல்ல தடியா ஊத்தும், அப்புறம் நூல் மாதிரி, கடைசில சொட்டு சொட்டா விழும், அவசரப்படாம வண்டிய நேரா நிமித்தி கால் மணி நேரம் விட்ருங்க. பழைய பேசின்ல பிடிச்சு, புது ஆயில் வந்த டப்பாவிலயே புனல் வச்சு ஊத்தி இறுக்கி மூடிருங்க. கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம், பிள்ளைங்க எடுத்துக் குடிச்சிரும்.

அத நீங்க சர்வீஸ் விடுத ஒர்க்‌ஷாப்புல குடுங்க, பேரல் வச்சிருப்பாங்க. கேக்கத் தயங்காதீங்க, அவங்களுக்கு அது விலைக்குப் போற சரக்கு. ஆயில் தேஞ்சு போறதில்ல, அழுக்குதான் ஏறுது, சுத்திகரிச்சா புது ஆயில் செய்யத் தேவையான மூல எண்ணெய, அதாவது பேஸ் ஆயில, மறுபடி எடுக்கலாம்.

கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாத்தையும் ஒரே கேன்ல ஊத்தலாமா? (வள்ளியூர்)

ஊத்தவே கூடாது. கியர் ஆயில், ஃபோர்க் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் இதெல்லாம் இன்ஜின் ஆயிலோட சேரலாம். இன்ஜின் சூட்டத் தணிக்க ரேடியேட்டர்ல ஊத்துற கூலண்டும், பிரேக் ஆயிலும் வேற ஜாதி, பெட்ரோலும் சேரக்கூடாது, உங்க ஒரு லிட்டர் கலந்து 210 லிட்டர் பேரலும் வீணாயிரும். தனித்தனி டப்பாவுல பேரு எழுதி ஒட்டிக் குடுங்க. பிரேக் ஆயில் பெயிண்ட்டுல பட்டா பெயிண்ட்டே உரிஞ்சு வரும், அதனால பாத்து.

கூலண்ட் விசயத்துல எனக்கு ஒரு மனக்கஷ்டம் உண்டு. அதுல இருக்க எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், ஆனா விசம். நாலு வருசம் முன்ன ஒரு ரேடியேட்டர் வேலையில பச்சை கலர் கூலண்ட் கீழ வடிஞ்சு கெடந்துச்சு, சாப்பிட்டுட்டு வந்து கழுவலாம்னு போயிட்டேன், எங்க ஷெட்டுலயே வளந்த நாய் அத நக்கிருச்சு. சாயங்காலம் கால் பின்னித் தள்ளாடுச்சு, மூணாம் நாள் போயிருச்சு. அன்னைலருந்து கூலண்ட் வடிக்கையில நான் அந்த எடத்த விட்டு நகர்றதில்ல.

வேலிக் கம்புல கரையானுக்கும், மாட்டுச் சொறிக்கும், சென்ட்ரிங் பலகைக்கும் கழிவு ஆயில்தான் அடிக்கோம், தப்பா? (சேரன்மகாதேவி)

அண்ணாச்சி, எங்க தாத்தாவும் அடிச்சாவ, அதனால கோவப்படாமக் கேளுங்க. இன்ஜினுக்குள்ள வெந்து வர்ற ஆயில்ல உலோகத் துகளும், எரிஞ்ச கசடும் சேந்திருக்கும். திரும்பத் திரும்ப தோல்ல தடவுன சோதனை எலிகளுக்கு தோல் புத்துநோய் வந்திருக்கு. மாடு சும்மா இருக்குமா, தடவுன எடத்த நக்கும், அது வயித்துக்குள்ள போவும். சொறிக்கு கால்நடை ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு, அங்கன கூட்டிட்டுப் போங்க. கம்புல அடிச்சது முதல் மழையிலயே வழிஞ்சு வயலுக்கு எறங்கும். பலகைக்குன்னே தனியா சென்ட்ரிங் ஆயில் விக்காங்க, கருப்பு ஆயில் அடிச்சா கான்கிரீட்ல கறை பிடிக்கும், பூச்சும் சரியா ஒட்டாது.

தரையில கொட்டிருச்சு, சோப்புத்தூள் போட்டுக் கழுவிரலாமா? (மேலப்பாளையம்)

கழுவுனா அதுவும் வாறுகாலுக்குத்தான் போகும். மரத்தூளோ மணலோ தூவி, காலால நல்லா தேச்சு, ரெண்டு மணி நேரம் விட்டு அள்ளுங்க. அள்ளுனத எரிக்காதீங்க, கவர்ல கட்டி ஒர்க்‌ஷாப்புக்கே குடுத்துருங்க. ஆயில் ஃபில்டரும் அப்படித்தான், ஒரு ராத்திரி கவுத்தி வச்சு வடிச்சுட்டுக் குடுங்க. பழைய பேட்டரிய உடைக்காம கடையில மாத்துங்க, விலையிலயும் கழிப்பாங்க.

சின்ன ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். சூளைக்கு எரிக்கன்னு ஒருத்தர் கூட வெல தாராரு, குடுக்கலாமா? (தச்சநல்லூர்)

குடுக்காதீங்க. அந்தப் புகையில வர்றது நம்ம பிள்ளைங்க நெஞ்சுக்குள்ளதான் போவுது. மத்திய அரசோட 2016 அபாயக் கழிவு விதிப்படி கழிவு ஆயிலும் அபாயகரமான கழிவுதான், அனுமதி வாங்குன மறுசுழற்சிக்காரங்களுக்குத்தான் குடுக்கணும். 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் கம்பெனிக்காரங்களுக்கும் பழச மறுசுழற்சி செய்ய வைக்கிற பொறுப்பு வந்தாச்சு. பேரல் எடுக்க வர்றவங்ககிட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியக் காட்டச் சொல்லுங்க, எத்தன லிட்டர் எந்தத் தேதின்னு நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கி வையுங்க. பேரல கூரைக்குக் கீழ வையுங்க, மழத்தண்ணி எறங்குன பேரலுக்கு வெல அடிபடும்.