நுகர்வோர் கேள்வி-பதில்: மாடி ஒழுகுகிறது, காண்ட்ராக்டர் வர மறுக்கிறார்

கேள்வி: எங்கள் மொட்டை மாடி 1,150 சதுர அடி. போன மே மாதம் சதுர அடிக்கு 60 ரூபாய் பேசி, 69,000 ரூபாய் கொடுத்து வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் அடித்தோம். கொட்டேஷன் தாளிலேயே 'ஐந்து வருட கியாரண்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஐப்பசி மழைக்கே படுக்கையறை சீலிங் ஒழுகிவிட்டது. மேலே கோட்டிங் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. கேட்டதற்கு 'உங்க தளமே சரியில்லை' என்றார். இப்போது போனையே எடுப்பதில்லை. வேறு ஆள் வைத்து எல்லாவற்றையும் உரித்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறோம். போலீஸில் புகார் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் உரிக்கும் வேலையை நிறுத்துங்கள். இந்த மாதிரி வழக்குகள் தோற்க இதுவும் ஒரு காரணம். பழைய கோட்டிங்கை உரித்துக் குப்பையில் கொட்டிய பிறகு, வேலை மோசமாக இருந்தது என்பதற்கு உங்கள் வாய்வார்த்தை மட்டுமே மிஞ்சும். 'தளம் சரியில்லை' என்று அவரும் வாய்வார்த்தையாகச் சொல்வார். நுகர்வோர் ஆணையம் யாரை நம்பும்?

போலீஸ் வழி உங்களுக்குப் பொருந்தாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றம். வந்து வேலை செய்து, அது மட்டமாக இருந்தால் அது சேவைக் குறைபாடு. அதற்கு உரிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காண்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

இனி ஆதாரம். பதிவு பெற்ற சிவில் இன்ஜினீயர் ஒருவரை அழைத்து மாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த நேரம் என்பதைக் காண்ட்ராக்டருக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அவர் வந்தாலும் நல்லது, வராவிட்டாலும் நல்லது. 'எனக்குத் தெரியாமல் சோதித்தார்கள்' என்று பின்னால் சொல்ல முடியாது.

இன்ஜினீயர் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஈரத் தளத்தின்மேல் கோட்டிங் அடித்தால், வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி மேலே தள்ளும். கொப்புளம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு கொப்புளத்தைக் கத்தியால் கீறினால் உரியும் படலத்தின் அடியில் சிமென்ட் தூசியோ பாசியோ ஒட்டிக்கொண்டு வரும். தளத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்காமல் அடித்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தத் துண்டைக் கவரில் போட்டு, தேதி எழுதி, இன்ஜினீயர் கையெழுத்தோடு ஒட்டி வையுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கலவை வைத்துச் சாய்வாக வளைத்திருக்கிறாரா, மழைநீர்க் குழாயின் வாய்க்குள் கோட்டிங் இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒழுகல் தொடங்குவது அநேகமாக இந்த இரண்டு இடங்களில்தான்.

அடுத்தது பக்கெட் கணக்கு. அவர் விட்டுப்போன காலி பக்கெட்டுகள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். லேபிளில், இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி வரும் என்று போட்டிருக்கும். உதாரணத்துக்கு 20 சதுர அடி என்று இருந்தால், உங்கள் மாடிக்குக் குறைந்தது 57.5 லிட்டர் வேண்டும், அதாவது 20 லிட்டர் பக்கெட் மூன்று. அவர் கொண்டுவந்தது ஒன்றுதான் என்றால், தண்ணீர் கலந்து இழுத்திருக்கிறார் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். வழக்கில் இதைவிட எளிதாகப் புரியும் ஆதாரம் அரிது. லேபிளில் உள்ள பேட்ச் நம்பரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையும் செய்யலாம். குழாய் வாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்தி, கீழே எங்கே ஓதம் ஏறுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஆனால் 1,150 சதுர அடியில் ஓர் அங்குலம் என்றால் சுமார் 2,700 கிலோ எடை. சீலிங்கில் கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் பெயர்ந்திருந்தால் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். இன்ஜினீயர் சொன்ன பிறகே தண்ணீர் விடுங்கள். அறிக்கையில் காரணம், பாதித்த பரப்பு, திரும்பச் செய்ய ஆகும் செலவு மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். 'தளமே சரியில்லை' என்ற வாதத்துக்கும் அதில் ஒரு வரி பதில் எழுதச் சொல்லுங்கள். தளம் சரியில்லை என்று தெரிந்திருந்தால் அடிப்பதற்கு முன்பு சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான்.

அறிக்கை கைக்கு வந்ததும் நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. வேலை நடந்த தேதி, கொடுத்த தொகை, குறை என்ன, 15 நாளில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. கொடுக்கும்போதே பதிவு வசதியும் பட்டுவாடா சான்றும் கேட்டு வாங்குங்கள். 'வாங்க மறுத்தார்' என்று கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். அதுவும் ஓர் ஆதாரம்.

அவர் பெயரும் முகவரியும் சரியாகத் தெரியவில்லையா? பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால், ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உரிமையாளர் பெயரும் தொழில் முகவரியும் வரும். கோட்டிங் கம்பெனியே கியாரண்டி அட்டை கொடுத்திருந்தால் அந்தக் கம்பெனியையும் இரண்டாம் எதிர்தரப்பாகச் சேருங்கள். கம்பெனி விஷயத்தில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் பயன்படும். தனி மேஸ்திரி விஷயத்தில் அதனால் பெரிய பலன் இருக்காது.

மனுவை நேரிலோ, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவோ கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. மாடியை நேரில் பார்த்து ஆணையத்துக்கு அறிக்கை தர ஒருவரை (ஆணையர் என்பார்கள்) நியமிக்கச் சொல்லித் தனி மனுவும் போடலாம். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேற்கொண்டு 15 நாள்தான் நீட்டிப்பு. இழப்பீடு கேட்கும்போது நிதானம் தேவை. திரும்பச் செய்யும் செலவு, சீலிங் பெயின்ட், வயரிங் சேதம், இன்ஜினீயர் கட்டணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவ்வளவு போதும். 69,000 ரூபாய் வேலைக்குப் பத்து லட்சம் கேட்டால் உண்மையான நஷ்டமும் மிகைபோலத் தெரியும்.

மழை விடவில்லை, காத்திருக்க முடியாது என்றால், இன்ஜினீயர் பார்த்துப் படமெடுத்த பிறகு, இன்ன தேதியில் வேறு ஆள் வைத்துச் செய்யப்போகிறோம் என்று காண்ட்ராக்டருக்கு எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பில்களை மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: அலமாரி செய்ய கார்பென்டருக்கு 40,000 ரூபாய் கையில் கொடுத்தேன். பில், ஒப்பந்தம் எதுவும் இல்லை. பாதி வேலையில் நின்றுபோனார், செய்த கதவுகளும் மூடவில்லை. வழக்கு நிற்குமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நிற்கும். பில் இல்லாததால் நுகர்வோர் இல்லை என்று ஆகிவிடாது, பணம் கொடுத்ததைக் காட்டினால் போதும். 'அட்வான்ஸ் வாங்கிய 40,000-க்கு மீதி வேலை எப்போது முடிப்பீர்கள் அண்ணே?' என்று வாட்ஸ்அப்பில் மரியாதையாகவே கேளுங்கள். 'அடுத்த வாரம் வரேன்' என்று ஒரு வரி பதில் வந்தாலும் அது ஒப்புதல்தான். அந்த உரையாடலை அழிக்காமல், அதே போனில் வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் (அந்த மின்னணுப் பதிவை உறுதிசெய்யும் படிவம்) இணைத்துவிடுவது பாதுகாப்பு. வங்கியிலிருந்து அந்த நாளில் பணம் எடுத்த கணக்கும் உதவும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொத்த வேலைக்கு விலை பேசியிருந்தால் அது சேவை ஒப்பந்தம். நீங்கள் பலகை வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கி, நாள் கூலி கொடுத்திருந்தால், 'தனிப்பட்ட பணி ஒப்பந்தம், சட்டத்துக்குள் வராது' என்று எதிர்தரப்பு வாதிட இடமுண்டு. நாள் கூலிக்காரரை வழக்குக்கு இழுப்பதைவிட, குறையைக் காட்டி இரண்டு நாள் வேலையைத் திரும்ப வாங்குவதே நியாயமும்கூட.

கேள்வி: டைல்ஸ் பெயர ஆரம்பித்து இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது. 'வரேன் வரேன்' என்று இழுத்தடித்தார்கள். காலம் கடந்துவிட்டதா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. நோட்டீஸ் அனுப்பினால் அந்தக் காலம் நீளும் என்று பலர் நம்புகிறார்கள், நீளாது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை வழக்கோடு சேர்த்தே போடுங்கள். அவர்கள் வந்து பார்த்த நாட்கள், பூசிவிட்டுப் போன நாட்கள், அனுப்பிய மெசேஜ்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதுங்கள். கியாரண்டி காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அவர்கள் சரிசெய்ய மறுத்த நாளையே வழக்குக் காரணம் எழுந்த நாளாகக் காட்டி வாதிடலாம். இனி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எனக்குச் சாதகமாக உத்தரவு வந்தும் காண்ட்ராக்டர் பணம் தரவில்லை.
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: மேல்முறையீட்டுக்கு 45 நாள். செலுத்த உத்தரவான தொகையில் பாதியைக் கட்டினால்தான் மாநில ஆணையம் அவரது மேல்முறையீட்டை ஏற்கும். அதுவும் செய்யவில்லை என்றால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். அதே சட்டத்தின் 71-ஆம் பிரிவில் சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலச் சொத்தை ஜப்தி செய்யலாம். 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜப்திக்கு அவருடைய வங்கிக் கணக்கு, வாகன எண், கடை முகவரி நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் ஜிபே செய்த பழைய ரசீதில் அவருடைய வங்கி எது என்பதற்குத் துப்பு கிடைக்கலாம். அங்கிருந்து தொடங்குங்கள்.