கேள்வி நேரம்: ஊரும் பேரும்

கேள்வி: ஆர்மேனியாவின் வடக்கே, ஜார்ஜியா எல்லையை ஒட்டி ட்சுனாஷோக் என்று ஒரு சின்னக் கிராமம். சோவியத் கால வரைபடத்தில் அதே இடத்தில் கிசில் ஷஃபக் என்று இருக்கிறது. அப்போது அசர்பைஜானியர்கள், இப்போது ஆர்மேனியர்கள். விரட்டிவிட்டுப் பெயரை மாற்றினார்களா?

பதில்: இந்த ஊர் விஷயத்தில் கதை வேறு. 1988 பிப்ரவரியில் அசர்பைஜானின் சும்கயிட் நகரில் ஆர்மேனியர்களுக்கு எதிரான கலவரம் நடந்த பிறகு இரு பக்கமும் லட்சக்கணக்கானோர் உயிருக்குப் பயந்து ஓடினார்கள் என்பது உண்மைதான், ஆனால் கிசில் ஷஃபக்காரர்கள் ஓடுவதற்கு முன்னால் பேசினார்கள். அசர்பைஜானில் ஷமாஹி பக்கம் கெர்கென்ஜ் என்ற ஆர்மேனியக் கிராமம், அவர்களுக்கும் இதே நெருக்கடி. இரண்டு ஊர்க்காரர்களும் தாங்களே பேசி முடிவெடுத்து, 1989இல் ஊரையே மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு! அதோடு ஒரு வாக்குறுதியும் உண்டு: உங்கள் கல்லறைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்களுடையதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரு நாடுகளுக்கும் இடையே போர் வந்து எல்லையே மூடிப்போன பிறகும் அந்தச் சொல்லை இரு தரப்பும் காப்பாற்றின.

இதற்காக எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். கெர்கென்ஜ்காரர்கள் திராட்சைத் தோட்டம் வைத்துப் பிழைத்தவர்கள், வந்து சேர்ந்ததோ திராட்சை விளையாத, குளிர் வாட்டும் மேட்டு நிலம், மாடும் உருளைக்கிழங்கும்தான் அங்கே பிழைப்பு. பலர் ரஷ்யாவுக்குப் போய்விட்டார்கள். புதுப் பெயர் வந்தது 1991இல், நாடு முழுக்க ஊர்ப் பெயர்களை மாற்றிய அலையில். அதாவது ஜனங்கள் மாறி இரண்டு வருடம் கழித்து.

கேள்வி: அப்படியானால் பெயர் மாறினாலே ஜனங்களும் மாறிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. ட்சுனாஷோக் இருக்கும் அதே லோரி மாகாணத்தில் ஃபியோலெடோவோ இருக்கிறது. ஜார் முதலாம் நிக்கோலாஸ் காலத்தில் ரஷ்யாவிலிருந்து காக்கசஸுக்கு நாடுகடத்தப்பட்ட மொலோகன்கள் என்ற, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை ஏற்காத கிறித்தவர்களின் வாரிசுகள் வாழும் ஊர், முன்பு நிக்கிட்டினோ. 1936இல் பாக்கு நகரில் ஆட்சி நடத்திய போல்ஷெவிக் (கம்யூனிஸ்ட்) தலைவர்களான பாக்கு கமிசார்களில் ஒருவரான இவான் ஃபியோலெடோவின் பெயரை வைத்தார்கள், ஆட்கள் மாறவில்லை. சோவியத் ஒன்றியமே போய்விட்டது, பக்தியில் ஊறிய அந்த ஜனங்கள் இன்னும் ஒரு போல்ஷெவிக்கின் பெயரில்தான் வாழ்கிறார்கள், எனக்கு இது ரொம்பப் பிடித்த வேடிக்கை. ஜார்ஜியாவின் பொல்னிசி இன்னொரு மாதிரி. 1818இல் ஜெர்மானியர்கள் குடியேறிய கதரீனன்ஃபெல்ட், 1921இல் கம்யூனிஸ்ட் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் நினைவாக லக்சம்பர்க் ஆனது, அப்போதும் அங்கே இருந்தது அதே ஜெர்மானியர்கள்தான். அவர்களை ஸ்டாலின் அரசு நாடுகடத்தியது 1941இல்.

சரி, பெயரை நம்பாமல் மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாமே என்றால், அதிலும் கவனம் வேண்டும். 1897 கணக்கெடுப்பு கேட்டது தாய்மொழியும் மதமும்தான், இனம் கேட்கவில்லை. இன்றைய அசர்பைஜானியர்கள் அதில் ‘தாத்தார்’, 1926இல் ‘துர்க்’, 1939இல்தான் அசர்பைஜானியர். பழைய பட்டியலில் தாத்தார்கள் இருந்து பின்னால் காணாமல் போனால், அந்த ஊர் காலியானது என்று எழுதிவிடாதீர்கள்.