முழு நிலத்தையும் பணப்பயிருக்கு மாற்றலாமா?

கேள்வி: வீட்டுத் தேவைக்கு மட்டுமே பயிரிட்டுவந்த சிறு விவசாயிகளிடம், 'சந்தைக்கு விளைவியுங்கள், வருமானம் பெருகும்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கும் சிறு நிலம் முழுவதையும் பணப்பயிருக்கு மாற்றிவிடுவது சரியாகுமா? விளைபொருளை வாங்கிக்கொள்வதாக ஒரு நிறுவனம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தச் சாகுபடியை நம்பலாமா?

பதில்: முழு நிலத்தையும் ஒரே பருவத்தில் மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உலகில் உள்ள பண்ணைகளில் ஏறத்தாழ 84 விழுக்காடு 2 எக்டேருக்கும் குறைவானவை; மொத்த விளைநிலத்தில் 12 விழுக்காடு அளவே கொண்ட இவை, உலகின் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தருவதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் 2021-இல் மதிப்பிட்டனர். ஆகவே சிறு விவசாயிக்கு விளைவிக்கத் தெரியாது என்பது உண்மையன்று. விளைச்சல் குறைந்தால் தாங்கிக்கொள்ளும் சேமிப்புதான் அவரிடம் இல்லை. உணவுப்பயிரை அடியோடு கைவிட்டவர், பணப்பயிரின் விலை சரியும் ஆண்டில் வருமானத்தை இழப்பதுடன் உணவையும் கடன் வாங்கி உண்ண நேரிடும். 1989-இல் பன்னாட்டுக் காபி உடன்பாட்டின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை (ஒவ்வொரு நாடும் எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்ற வரம்பு) கைவிடப்பட்டதும் காபி விலை சரிந்து, அதை மட்டுமே நம்பியிருந்த சிறு விவசாயிகள் பல நாடுகளில் அல்லலுற்றதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

குடும்பத்தின் உணவுக்குப் போதுமான பரப்பை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பகுதியில் தொடங்குவதே பாதுகாப்பானது. அதிலும் விதை வாங்குவதற்கு முன்பே, யார் வாங்குவார், எந்தத் தரத்தில், எந்த மாதத்தில் என்பதை விசாரித்துவிட வேண்டும். அறுவடை நேரத்தில் எல்லாருடைய விளைபொருளும் ஒன்றாகச் சந்தைக்கு வருவதால் விலை தாழ்கிறது; கடனை அடைக்க உடனே விற்றாக வேண்டியவரே அந்தத் தாழ்ந்த விலைக்கு இரையாகிறார். நன்கு உலர்த்திச் சேமிக்கும் வசதியும், சில வாரங்கள் காத்திருக்க உதவும் சிறு கடனும், மகசூலைக் கூட்டும் உரத்தைவிடச் சில வேளைகளில் அதிகப் பயன் தரும். தனியொருவரின் சில மூட்டைகளைத் தேடி வராத வியாபாரி, பலர் சேர்ந்து தரம்பிரித்து வைத்த சரக்கைத் தேடி வருவார் என்பதால், கூட்டுறவாகவோ உற்பத்தியாளர் குழுவாகவோ விற்பது நல்லது.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பயிர் பணமாக மாறத் தொடங்கியதும், அதுவரை பெண்கள் பொறுப்பில் இருந்த நிலமும் வருமானமும் ஆண்கள் கைக்குப் போய்விடுவது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. உழைப்பு மட்டும் பெண்களுக்குக் கூடுகிறது. விற்ற பணத்தில் எவருக்கு உரிமை என்பதைக் குடும்பம் முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நீதியானது.

ஒப்பந்தம் தன்னளவில் தீங்கானதன்று. ஆனால் எழுத்தில் இல்லாத எதையும் நம்ப வேண்டாம். விலை எப்படிக் கணக்கிடப்படும், எடை போடுபவர் யார், தரமில்லை என்று ஒதுக்கப்பட்ட சரக்கை வேறொருவருக்கு விற்கலாமா, விதைக்கும் உரத்துக்கும் பிடித்தம் எவ்வளவு, மழை பொய்த்தால் நிறுவனம் கொடுத்த விதை, உரக் கடன் யாருடையது ஆகிய ஐந்துக்கும் விடை தெளிவாக எழுதப்பட்டிருந்தால் கையெழுத்திடலாம். கடைசிக் கேள்விக்கு நிறுவனம் மழுப்பினால், அந்தப் பருவத்தில் அதனோடு ஒப்பந்தம் வேண்டாம்.