சின்னப் பிள்ளைகளோடு டென்ட்டா? முதலில் மொட்டை மாடியில் போடுங்கள்

கேள்வி: மகளுக்கு 4 வயது, மகனுக்கு ஒன்றரை. சென்னையில் இருக்கிறோம். நாலு பேர் படுக்கிற டென்ட் ஒன்று வாங்கிவிட்டோம். பொங்கல் லீவில் கொடைக்கானல் பக்கம் காட்டுக்குள் எங்காவது போட்டு இரண்டு ராத்திரி தங்கலாம் என்கிறார் கணவர். மாமியார் கூடவே கூடாது என்கிறார். போகலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

போகலாம். ஆனால் கொடைக்கானல் வேண்டாம், காடு வேண்டவே வேண்டாம், இரண்டு ராத்திரியும் வேண்டாம். ஒரே ராத்திரி, உயரம் குறைந்த ஒரு மலை, கூப்பிடு தூரத்தில் கூரையுள்ள ஓர் அறை. இந்த மூன்றும் அமைந்தால் உங்கள் மாமியாரையும் தைரியமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், ராத்திரி அந்த அறையில் அவர் படுத்துக்கொள்ளட்டும்.

ஏன் கொடைக்கானல் வேண்டாம் என்கிறேன் என்றால், அது 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும், ஜனவரி ராத்திரியில் அங்கே 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். பெரியவர்களுக்கு அது ஜாலியான குளிர். ஒன்றரை வயதுப் பிள்ளையோ போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கும், குளிருகிறது என்று சொல்லவும் தெரியாது, சின்ன உடம்பு என்பதால் சூட்டையும் சீக்கிரம் இழந்துவிடும். காட்டுக்குள் என்பதோ சட்டப்படியே முடியாது, வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்துபோனதை மறக்க முடியுமா? கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடுகிறது, காட்டுக்குள் கேட்கவே வேண்டாம்.

ஏலகிரி பாருங்கள். சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர், 1,100 மீட்டர் சொச்சம் உயரம், ராத்திரி ஒரு ஸ்வெட்டரோடு சமாளித்துவிடலாம். சொந்த இடத்தில் டென்ட் போட அனுமதிக்கிற விடுதிகளில் போன் செய்து கேளுங்கள்: கழிப்பறை எத்தனை அடியில், ராத்திரி விளக்கு எரியுமா, நடுராத்திரி மழை வந்தால் ஒரு அறை கிடைக்குமா, பாட்டுப் போடுகிற கும்பல் பக்கத்தில் இருக்குமா. பொங்கல் லீவு என்றால் கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஆமாம்தான், அதனால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

அதற்கு முன்னால், இந்தச் சனிக்கிழமையே, டென்ட்டை உங்கள் மொட்டை மாடியில் போட்டு நாலு பேரும் படுங்கள். இதைத்தான் என்னிடம் கேட்கிற எல்லாக் குடும்பத்துக்கும் முதலில் சொல்வேன், இதைத்தான் பாதிப் பேர் செய்யாமல் கிளம்பிவிடுகிறார்கள். பகல் தானாகப் போய்விடும், பிள்ளைகளுக்குக் கல்லும் குச்சியும் போதும். ராத்திரிதான் விஷயம். என் மகளுக்கு மூன்றரை வயதில் மாடியில் முதல்முறை படுத்தபோது, இரண்டு மணி இருக்கும், காற்றில் வெளித்துணி படபடவென்று அடித்தது. யாரோ வெளியே நிற்கிறார்கள் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகை. ஒன்றுமில்லை, தூங்கு என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அப்புறம் ஜிப்பைத் திறந்து வெளியே தூக்கிப் போய், அந்தத் துணியை அவள் கையிலேயே கொடுத்து உதறச் சொன்னேன். நாலு தடவை உதறினாள், அதே சத்தம். உள்ளே வந்து தூங்கிவிட்டாள். ஒரு மாதம் கழித்து மலையில் அதே சத்தம் வந்தபோது கண்ணைக்கூடத் திறக்கவில்லை, "துணிதான்மா" என்றாள். மாடியில் அழுதால் பத்துப் படி இறங்கினால் வீடு. அந்த அழுகையை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

படுக்கையில் எல்லோரும் செய்கிற தப்பு, மேலே இரண்டு கம்பளி, கீழே ஒரு பெட்ஷீட். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். கீழே தடிமனான ஃபோம் பாய், அதற்கு மேல் ஜமுக்காளம், அதற்கு மேல் பிள்ளை. சின்னவனுக்குப் போர்வையை நம்பாமல், மேலுக்கு மேல் இரண்டு மூன்று சட்டையாகப் போட்டு, காலுறையும் குல்லாவும் மாட்டிவிடுங்கள். பிடரியில் கை வைத்துப் பார்த்தால் போதும்: வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல் வலைக்கு மேலே இருக்கிற துணியையெல்லாம் மூடிவிடாதீர்கள், நாலு பேர் மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடியற்காலை மேலே சொட்டும். அடுப்போ கரித்தணலோ எந்தக் காரணத்துக்காகவும் டென்ட்டுக்குள் வரக் கூடாது. கரி எரிந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வெளியே நெருப்பு மூட்டினால் ராத்திரியைவிட மறுநாள் காலையைக் கவனியுங்கள். மண்ணைப் போட்டு மூடிய தணல் அடுப்பு மாதிரி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், பார்த்தால் வெறும் சாம்பல், ஓடி வருகிற பிள்ளை அதில் காலை வைத்துவிடும். மண் போடாதீர்கள், இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

சளி பிடித்தால் சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். மாமியாரும் வருகிறார் என்றால் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: சூடம் சின்னப் பிள்ளைகள் உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம், டப்பாவையே எடுத்துப் போக வேண்டாம். கொசுவுக்கு முழுக்கைச் சட்டையும் வலையும் முதலில், களிம்பு என்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கியது, சின்னவன் கையில் தடவாதீர்கள், அது நேரே வாய்க்குப் போகும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியில் ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பாலை நிறுத்திவிட்டு, மகள் கையிலிருந்து போனை வாங்கி ஜன்னல் வழியே பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சின்னவனுக்கு வெறும் இட்லி, வாழைப்பழம், ஃபிளாஸ்க்கில் வெந்நீர். சமையல் காலையில், வறுத்த ரவையைக் கொண்டுபோனால் உப்புமா பத்து நிமிஷம். ராத்திரி மகளைக் கழிப்பறைக்கு நடக்க வைக்காமல், மூடியுள்ள சின்ன வாளி ஒன்றை டென்ட் வாசலில் வையுங்கள். ஆளுக்கொரு டார்ச், மகளுடையது அவள் கையிலேயே இருக்கட்டும். செருப்பு ஷூ எல்லாம் டென்ட்டுக்குள், காலையில் உதறிவிட்டுத்தான் கால். பாராசிட்டமால் சிரப்பை வயதுக்கு இல்லாமல் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள், கூடவே ஓஆர்எஸ் பாக்கெட். ஏரிப் பக்கம் போனால் சின்னவன் கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டக் கூடாது.

வீடு திரும்பிய அன்று வெந்நீரில் குளிப்பாட்டி, போட்டிருந்த துணியையெல்லாம் வெந்நீரில் துவைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் வரை எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வந்தால் உடம்பு முழுக்கப் பாருங்கள், அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம். சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த சின்னப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம், புதரிலும் புல்லிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகிவிடும், தாமதித்தால் நுரையீரல், மூளை வரை போகும். பொருக்கு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக "மலையில் டென்ட்டில் தங்கினோம்" என்று தேதியோடு சொல்லிவிடுங்கள்.