வெடியும் எதிரொலியும்

கேள்வி: அண்டார்டிகா பனியைத் துளைக்காமலே அதன் தடிமனை எப்படி அளந்தார்கள்?

பதில்: கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்போமே, ஏறக்குறைய அப்படித்தான். பனியில் குழி போட்டுச் சின்ன வெடி வைப்பார்கள். அதிர்வு அடிப்பாறையில் பட்டுத் திரும்பும். பனிக்குள் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 3.8 கிலோமீட்டர். ஒரு நொடியில் திரும்பினால், போகவர அவ்வளவு, ஆழம் 1.9 கிலோமீட்டர். 1949–52 நார்வே-பிரிட்டன்-ஸ்வீடன் குழுவில் கோர்டன் ராபின் இப்படித்தான் 2 கிலோமீட்டருக்கும் தடித்த பனியை அளந்தார்.

இப்படித் திரும்பும் அதிர்வைத் தரையில் பிடிக்கும் கருவி ஜியோபோன்; நான் அதை வயல்களில் நட்டவன். உள்ளங்கையில் அடங்கும், அடியில் ஓர் ஆணி. பொலபொல மண்ணில் நட்டால் பதிவு கெட்டுவிடும். குதிகாலால் மிதித்து இறுக்குவேன். பக்கத்தில் மாடு நடந்தாலே காகிதத்தில் கோடு துள்ளும். அந்தப் பனிக்காற்றில் அவர்கள் எப்படித்தான் சுத்தமாகப் பதிவெடுத்தார்களோ, எனக்கு இன்றும் மலைப்பு.