பிசாசு கத்துக்குடுக்கல, தம்பி

அன்புள்ள சார்,

தினமும் காலையில 'இசையில் இன்று'ன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஸ்டேட்டஸ் போட்டுட்டு வரேன். ஆகஸ்ட் 16க்கு தேடினப்ப ஆடிப்போயிட்டேன். 1938ல ப்ளூஸ்ங்கற அமெரிக்கக் கறுப்பு மக்களோட இசையைப் பாடின ராபர்ட் ஜான்சன், 1977ல எல்விஸ் பிரெஸ்லி, 2018ல அரேத்தா ஃபிராங்க்ளின், மூணு பேரும் இறந்தது அதே தேதி. 1958ல மடோனா பிறந்ததும் அன்னைக்குத்தான், 1962ல பீட்டில்ஸ் டிரம்மர் பீட் பெஸ்ட்டை கழட்டிவிட்டதும் அன்னைக்குத்தான். நாலு ரோடு சந்திப்புல சாத்தான்கிட்ட ஆன்மாவை வித்து கிட்டார் கத்துக்கிட்டவர், அதாவது ஜான்சன், செத்த அதே நாள்ல ராக் அண்ட் ரோல் ராஜா எல்விஸும் சோல் ராணி அரேத்தாவும் போறாங்கன்னா இதுல என்னமோ இருக்குன்னு தோணுது. தற்செயல்தானா? அப்புறம், ப்ளூஸ் கேக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கறது சார்?

உங்கள் வாசகன்,
ஈரோடு

*

தம்பி,

தற்செயல்தான். வருஷத்துக்கு 365 நாள்தான் இருக்கு, பாடினவன் வாசிச்சவன் ஆயிரக்கணக்குல இருக்கான், எந்தத் தேதியைத் தோண்டினாலும் ரெண்டு பெரிய ஆளாவது செத்திருப்பாங்க. இதுல ஒண்ணும் இல்ல. மடோனாவுக்கு ஒரு ஹேப்பி பர்த்டே போட்டுடுங்க. பீட் பெஸ்ட் பாவம்தான், ரெண்டு வருஷம் கூடவே வாசிச்ச ஆளை மேனேஜரை விட்டு சொல்லவெச்சாங்க, ரெண்டே நாள்ல ரிங்கோ வந்து உக்காந்துட்டார், அது தனி அழுகை, இப்ப வேண்டாம்.

உங்க கடிதத்துல ஒரே ஒரு வரிதான் என்னைப் புடிச்சு நிறுத்திச்சு. "சாத்தான்கிட்ட ஆன்மாவை வித்து கிட்டார் கத்துக்கிட்டவர்". கொஞ்ச நாளாவே ராத்திரி ஜான்சனைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுட்டிருக்கேன், இந்தக் கதையை நெனச்சு பல்லைக் கடிச்சுட்டிருந்த நேரத்துல சரியா நீங்களும் அதையே எழுதி அனுப்பியிருக்கீங்க. கோச்சுக்காதீங்க, ஆனா கேட்டே ஆகணும். உங்களுக்கு இருவது, இருபத்தஞ்சு வயசு இருக்குமா? நெட்டு இருக்கு, கையில போன் இருக்கு. ஒரு மனுஷன் எப்படிக் கத்துக்கிட்டான்னு தேட அஞ்சு நிமிஷம் கிடைக்கலையா உங்களுக்கு?

மொதல்ல, அந்தக் கதையே அவரோடது இல்ல. நடுராத்திரி நாலு ரோட்டுல போய் நிக்கணும், பெரிய கறுத்த உருவம் வந்து கிட்டாரை வாங்கி சுருதி சேத்துக் குடுக்கும்ங்கறது டாமி ஜான்சன்னு வேற ஒரு பாடகரைப் பத்தி அவரோட அண்ணன் தம்பியில ஒருத்தர் சொன்னது. பேரு ரெண்டும் ஜான்சன், ஊரு ரெண்டும் மிசிசிப்பி, ராபர்ட் செத்து பல வருஷம் கழிச்சு கதையைத் தூக்கி இவர் தலையில ஒட்டிட்டாங்க. ரெண்டாவது, நாலு ரோடு சந்திப்பை வெச்சு ராபர்ட் பாடின 'கிராஸ் ரோட் ப்ளூஸ்' பாட்டை நீங்க முழுசா கேட்டீங்களா? அதுல பிசாசே கிடையாது. ஒருத்தன் சந்திப்புல முட்டி போட்டு கடவுள்கிட்ட இரக்கம் காட்டுன்னு கெஞ்சறான். போற வண்டியைக் கை காட்டி நிறுத்தப் பாக்கறான், ஒருத்தனும் நிறுத்தல, பொழுது சாயுது. 1930கள்ல மிசிசிப்பியில ஒரு கறுப்பு ஆளு, இருட்டுன பிறகு தெரியாத ஊர் ரோட்டுல தனியா நிக்கறதுன்னா அவனுக்கு பயப்பட பிசாசு எதுக்கு, மனுஷங்களே போதும். பிசாசை வெச்சு அவர் வேற பாட்டு பாடியிருக்கார், இல்லைன்னு சொல்லல. பேய்ப்பாட்டு பாடினவன் எல்லாம் பேய்கிட்ட டியூஷன் போனவனா?

நடந்தது என்னன்னா, 1930ல பிரசவத்துல அவர் பொண்டாட்டியும் போச்சு, குழந்தையும் போச்சு. அவருக்கு அப்ப பதினெட்டு, பத்தொம்பது வயசு இருக்கும். ராபின்சன்வில் பக்கத்துல சன் ஹவுஸ், வில்லி பிரவுன்னு ரெண்டு பெரிய கைகள் டான்ஸ் கச்சேரி வாசிப்பாங்க, இவங்க மூச்சு வாங்க வெளிய போன நேரத்துல இந்தப் பையன் கிட்டாரை எடுத்து என்னத்தையோ தட்டுவான், உள்ள இருக்கற ஜனம் அய்யா அவன்கிட்டேருந்து அதைப் புடுங்குங்கன்னு கத்தும். இது சன் ஹவுஸே பின்னாடி பேட்டியில சொன்னது. அப்புறம் பையன் ஆளைக் காணோம். திரும்பி வந்து வாசிச்சப்ப சன் ஹவுஸ் வாயடைச்சுப் போயிட்டார். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான் நம்ம ஆளுங்க பிசாசைக் கொண்டாந்து உக்கார வெச்சிருக்காங்க.

அந்த இடைவெளிக்கு ஒரு பேர் இருக்கு தம்பி. ஐக் ஜிம்மர்மேன். ஜான்சன் தான் பொறந்த ஹேஸில்ஹர்ஸ்ட் பக்கம், பெத்த அப்பனைத் தேடிப் போன இடத்துல கிடைச்ச வாத்தியார். ஜான்சன் இவர் வீட்டுலயே தங்கி, இவர் வீட்டு சாப்பாட்டை சாப்பிட்டு கத்துக்கிட்டிருக்கார். ராத்திரியில ரெண்டு பேரும் ஊர் சுடுகாட்டுக்குப் போய் கல்லறை மேல உக்காந்து வாசிப்பாங்களாம். எதுக்கு சுடுகாடு? பேய் ஓட்டவா? அங்க யாரும் சத்தம் போடாதேன்னு திட்ட மாட்டாங்க, அவ்வளவுதான். ஜிம்மர்மேனோட மகளே இதைச் சொல்லியிருக்காங்க. சாதகம் பண்ண இடம் கிடைக்காதவன் சுடுகாட்டுக்குப் போனான், உலகம் அதையும் மந்திரமாக்கிடுச்சு.

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருந்தார், பாண்டு செட்டுல டிரம்பெட். வீட்டுல வாசிச்சா வாடகைக்கு விட்டவங்க கத்துவாங்க, தெருவுல வாசிச்சா குழந்தை தூங்குதும்பாங்க, அதனால ராத்திரி சாப்பிட்டு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய் கல்லு மேல உக்காந்து வாசிப்பார். நான் கூடப் போயிருக்கேன். ஒரு பாட்டோட மொத வரி, அதுலயும் ஒரு தாவல் மட்டும் வராது, அதையே திரும்பத் திரும்ப. மேலுதடு வீங்கி வளையமா தடம் விழுந்திருக்கும், ஈரத் துணியை ஒத்திக்கிட்டு மறுபடி ஊதுவார். எனக்கு போரடிச்சு சரளைக்கல்லை எடுத்து தண்டவாளத்துல போட்டுட்டிருப்பேன். அப்புறம் ஒரு கல்யாண ஊர்வலத்துல அதே வரியை அப்படியே வழுக்கிட்டுப் போற மாதிரி வாசிச்சார். பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர், "அதெல்லாம் சாமி குடுக்கறதுப்பா"ன்னார். எனக்கு வந்த கோவம் இருக்கே, இப்பவும் வருது.

இது நமக்கும் பழைய வியாதிதான். காளமேகம் கவிஞரானது எப்படின்னு கேட்டா திருவானைக்காவுல அம்பாள் வாயில தாம்பூலம் துப்பினான்னு முடிச்சுடுவோம். அவர் எத்தனை வெண்பா எழுதிக் கிழிச்சார்னு யாரும் கேக்கறதில்ல.

சரி, பிசாசு கட்சிக்காரங்களுக்கு ஒரு பரீட்சை வெக்கறேன். ஜான்சன் வாழ்க்கையில ரெண்டே தடவைதான் ரெக்கார்டிங்குக்கு உக்காந்தார். 1936 நவம்பர்ல சான் ஆன்டோனியோவுல குன்டர் ஹோட்டல் ரூம்ல, 1937 ஜூன்ல டல்லஸ்ல. மொத்தம் 29 பாட்டு. சிலதுக்கு ரெண்டு டேக் மிஞ்சியிருக்கு. கம்பெனிக்காரன் ரெண்டு தடவை எடுத்து வெச்சுக்கறது வழக்கம்தான், ஆனா 'கிராஸ் ரோட்' ரெண்டு டேக்கையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் கேளுங்க. அன்னைக்கு தோணினதைப் பாடின ஆள் இல்ல அது, அந்தக் கால 78 ஆர்பிஎம் கிராமபோன் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷத்துக்குள்ள அடங்கற மாதிரி அளந்து தைச்ச வேலை. கட்டைவிரலைக் கவனிங்க. பியானோக்காரங்க இடது கையில உருட்டற பூகி பேஸை, அதான் விடாம ஓடற அந்தக் கீழ்சுர வரிசையை, 'ஸ்வீட் ஹோம் சிகாகோ'வுல கிட்டாரோட கனத்த தந்திக்கு மாத்தி வெச்சிருக்கார், அது பாட்டுக்கு கீழ நடந்துட்டே இருக்கும், மத்த விரல் மேல பதில் சொல்லும், இதுக்கு நடுவுல அவர் பாடணும். ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் மொத தடவை ஜான்சனைக் கேட்டுட்டு கூட வாசிக்கற இன்னொரு ஆளு யாருன்னு கேட்டாராம். இன்னொரு ஆளே இல்ல. அந்த ரெண்டாவது ஆளை உருவாக்கறதுக்குத்தான் அத்தனை ராத்திரி.

ஜான்சன் 27 வயசுல செத்தார், மிசிசிப்பியில கிரீன்வுட் பக்கத்துல. விஷம் வெச்சாங்கன்னு சொல்வாங்க. இறப்புச் சான்றிதழ்ல சாவுக்கான காரணம் எழுதற இடத்துல இருக்கறது "டாக்டர் இல்லை", அவ்வளவுதான். உங்க ஸ்டேட்டஸ்ல சாத்தானுக்கு இடம் இருக்கு, இதுக்கு இடம் இல்ல.

எல்விஸைப் பத்தி எழுத எனக்கு இப்ப தெம்பில்ல, அவருக்கு எழுதத்தான் ஊரே இருக்கே. அரேத்தாவை மட்டும் சொல்லிடறேன். அவங்களையும் கடவுள் குடுத்த குரல்னு ரெண்டு வார்த்தையில மூடிடாதீங்க. 1967ல 'ரெஸ்பெக்ட்' பாட்டு வர்றதுக்கு முன்னாடி கொலம்பியா கம்பெனியில ஆறு வருஷம், ஜாஸ், ஷோ பாட்டுன்னு என்னென்னவோ பாடவெச்சாங்க, பெரிசா எடுபடல, ஆனா பியானோவை விடல. அட்லான்டிக் கம்பெனிக்கு மாறி அலபாமாவுல ஒரு ஸ்டுடியோவுல அவங்களே பியானோ முன்னாடி உக்காந்து மொத கார்டை, அதான் சுரக்கூட்டை, அடிச்சப்பதான் மத்தவங்களுக்கு விளங்குச்சு. இதுல ஒரு தொடர்பு சொல்றேன், தேதியை விட இது உங்களுக்கு உபயோகப்படும். 1938 டிசம்பர்ல நியூயார்க் கார்னகி ஹால் கச்சேரிக்கு ஜான்சனைக் கூட்டிட்டு வாங்கன்னு ஆள் விட்டுத் தேடி, செத்துட்டார்னு தெரிஞ்சதும் மேடையில ரெக்கார்டைப் போட்டுக் காட்டினவர் ஜான் ஹேமண்ட்ங்கற ரெக்கார்டு தயாரிப்பாளர். 1960ல பதினெட்டு வயசு அரேத்தாவை கொலம்பியாவுக்கு கொண்டாந்ததும் அதே ஹேமண்ட்தான். இதைப் போடுங்க ஸ்டேட்டஸ்ல, யாரும் போட்டிருக்க மாட்டாங்க.

எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருந்தீங்க இல்ல. எங்கேருந்து வேணா ஆரம்பிங்க, போன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, கட்டைவிரல் காதுலயே விழாது. ஆகஸ்ட் 16 ஸ்டேட்டஸை மாத்தி எழுதி எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, ஜிம்மர்மேன் பேர் அதுல இல்லைன்னா அடுத்த கடிதத்துக்கு பதில் வராது.